நெஞ்சில் நின்ற செபம்: முத்துக்குளித்துறை முதல் மலாக்கா வரை

மலாக்கா நகரை விட்டு வடமேற்கே கடலோரமாகச் செல்வார்க்கு முதலில் தஞ்சோங் கிளிங் எதிர்ப்படும். அதற்கும் அப்பால் சுங்கை ஊடாங் வரும். மலாய் மொழியில் ‘சுங்கை’ என்பது ஆறு. ‘ஊடாங்’ என்பது இறால். இறாலாறு என்று தமிழில் பெயர்த்துக் கொள்ளலாம். தென்னிந்தியரை, அவருள்ளும் சிறப்பாகத் தமிழரை, மலாய் மக்கள் பண்டு ‘கிளிங்’ என்று அழைத்தனர். கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரின் திரிபு அஃது என்பர். ஆகவே, தஞ்சோங் கிளிங் என்னும் முனைப்பெயரிலேயே நம்மவர் கடல் வரவின் தடம் பதிந்து கிடக்கிறது.

வங்கக் கடலைக் கடந்து வடக்கேயிருந்து நீரிணைக்குள் புகும் மரக்கலம், மலாக்காத் துறையை அடையுமுன் இந்தக் கரையைக் கடந்தே செல்லவேண்டும். 1545-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் இறுதியில், மயிலாப்பூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு கலமும் அவ்வாறே சென்று மலாக்காவை அடைந்தது. அதில் வந்திறங்கியவர் பிரான்சிஸ் சவேரியார். தமிழ்க் கடற்கரையில் மூன்றாண்டுக் காலம் பழகிக் கண்ட ஒரு முறையை அவர் உடன் கொண்டு வந்திருந்தார். வேண்டுதல்களை மக்களின் தாய்மொழியில் ஆக்குதல், அவற்றை மனப்பாடமாகக் கற்பித்தல், கற்றவர் வீட்டிலேயே அவற்றை விட்டுச் செல்லுதல் என்பதே அம்முறை.

கேட்பதற்கு இஃது எளிய செயலே. எனினும், பின்வந்த காலத்தில் கோயில் பறிபோய், குருமார் நாடு கடத்தப்பட்டு, கூடி வழிபடுவதே குற்றமான நாள்களிலும், தமிழ்க் கிறித்தவர் பலர் மனங்கலங்காது நின்றமைக்கு இதுவே பெருங்காரணமாயிற்று. துன்பக் காலத்தில் வழிபாடு தரும் அமைதி எங்கிருந்து வருகிறது என்னும் வினாவுக்கு இவ்வரலாறு ஒரு விடை தருகிறது. அவ்விடை தமிழ்ச் சொல் ஒன்றின் திருத்தத்தோடு பிணைந்து கிடப்பது, தமிழாசிரியர் கருதத்தக்கது.

பெயரளவில் கிறித்தவர்

16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துக்குளித்துறைப் பரவர்கள் பலமுனை நெருக்குதலுக்கு ஆளாயினர். முத்துச் சிலாபத்தின் ஊதியத்தை வணிகரும் வரி வாங்குவோரும் சிற்றரசரும் பங்கிட்டுக் கொள்ள, கடலில் மூழ்கி உயிரைப் பணயம் வைத்தவர்க்கு எஞ்சியது சிறிதே. தூத்துக்குடியில் எழுந்த ஒரு பூசல் பெருங்கலகமாய் மூண்டபோது, பரவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் காப்பை நாடினர். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்பது வரலாற்றாசிரியர் பொதுவாகக் கூறும் கணக்கு.

இம்மாற்றத்திற்கு அரசியல் காப்பே முதற்காரணம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. முழுக்களித்தவர்கள் திரும்பிச் சென்றனர், கற்பிப்பார் எவருமிலர். 1542 அக்டோபரில் சவேரியார் அக்கரைக்கு வந்தபோது, மக்கள் தம்மைக் கிறித்தவர் என்றனர்; அதற்குமேல் ஒன்றும் சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை. போர்த்துக்கீசிய மொழி தமக்கு விளங்காமையால் எதை நம்பவேண்டும் என்பதும் விளங்கவில்லை என்பதே அவர்கள் தந்த விடை. அச்சத்தினின்று தப்பப் பெற்ற பெயர் ஒன்று அவர்களிடம் இருந்தது; அச்சம் மீண்டும் வரும்போது பற்றிக்கொள்ளச் சொல் ஒன்றும் இல்லை.

மணியோசையும் மனப்பாடமும்

சவேரியாருக்குத் தாய்மொழி பாஸ்கு. ஐரோப்பிய மொழிகளுள்ளேயே இனமற்றுத் தனித்து நிற்பது அது. தம் மொழி வேறு, மக்களின் மொழி வேறு. ஆதலால் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இயலவில்லை என்று 1544 சனவரியில் கொச்சியிலிருந்து விடுத்த நெடுங்கடிதத்தில் அவரே எழுதியுள்ளார். இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களை ஒருங்கு கூட்டி, பல நாள் உழைத்து, சிலுவை அடையாள வாய்பாடு, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கிறிஸ்து கற்பித்த வேண்டுதல், மரியன்னை வாழ்த்து ஆகியவற்றைத் தமிழாக்கினார். பின்னர் அவற்றைத் தாமே நெட்டுருப் பண்ணினார்.

கையில் மணி ஏந்தி அவர் தெருத்தெருவாய் நடப்பார். மணியோசை கேட்டுச் சிறுவரும் பெரியவரும் கூடுவர். நாளுக்கு இருமுறையாக ஒரு திங்கள் அளவு பாடம் நடக்கும். அன்று கற்றதைச் சிறுவர்கள் தம் வீட்டிலுள்ளார்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பிக்கவேண்டும் என்பது கட்டளை. ஞாயிறுதோறும் ஊர் கூடும். விசுவாசப் பிரமாணத்தை ஒவ்வொரு கூறாகச் சொல்லி, ‘இதனை நம்புகின்றீரோ?’ என்று வினவுவார். மக்கள் மார்பின் மேல் கைகளைக் குறுக்காக வைத்து ‘ஆம்’ என்பர். ஊரைவிட்டு நீங்கும்போது வேண்டுதல்களின் படி ஒன்றை விட்டுச் செல்வார். எழுதத் தெரிந்தவர் படியெடுத்துக் கொள்ளவும், ஏனையோர் கேட்டு மனனம் பண்ணவும் ஏற்பாடு.

நோயுற்றோர் பலர் அவரை அழைப்பர். எல்லா வீட்டுக்கும் செல்ல இயலாமையால், செபம் தெரிந்த சிறுவர்களை அனுப்புவார். அவர்கள் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் படுக்கையருகே கூட்டி, எல்லாரும் சேர்ந்து பலமுறை பிரமாணத்தைச் சொல்லச் செய்வர். மருத்துவரோ குருவோ இல்லாத குடிசையில் பத்து வயதுச் சிறுவனின் குரலே ஆறுதலாய் ஒலித்தது. ஈண்டுக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆறுதல் கூறும் உரிமை குருவின் கையிலிருந்து மனப்பாடம் அறிந்த எவர் கைக்கும் மாறியது. பின்னர் நேர்ந்த இன்னல்களில் சமூகத்தைக் காத்தது இம்மாற்றமே.

ஊர்தோறும் வேண்டுதல்களை நடத்த ‘கணக்கப்பிள்ளை’ என்போரை அவர் அமர்த்தினார். தோட்டங்களில் ஆள் எண்ணிக்கையும் வேலைக் கணக்கும் எழுதியவருக்கு வழங்கிய அதே பெயர், முத்துக்குளித்துறையில் உபதேசியாருக்கு வழங்கியது. இவர்களின் ஊதியம் வந்த வழியும் சுவையானது. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று பரவர்கள் ஆண்டுதோறும் செலுத்திவந்த தொகையிலிருந்து 4,000 பணம் இப்பணிக்கு ஒதுக்கப்பட்டது.

‘வேணும்’ என்ற சொல்

அவசரத்தில் ஆக்கிய தமிழ் பிழையின்றி அமையுமா? பிழைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று பெரிதும் சிந்திக்கத்தக்கது. பிரமாணத்தின் தொடக்கத்தில் ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று மொழிபெயர்த்திருந்தனர். மக்கள் நாள்தோறும் இருமுறை ‘கடவுளை நம்புகிறேன்’ என்பதற்கு மாறாக, ‘கடவுள் எனக்கு வேணும்’ என்னும் பொருள்பட ஓதி வந்தனர்.

1544-ஆம் ஆண்டில் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் இப்பிழையைச் சுட்டித் திருத்தினார். ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் காட்டும் சொல். அதை நீக்கி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை வைக்கவேண்டும் என்று அறிவுறுத்தினார். அவர் உரோமன் எழுத்தில் எழுதியுள்ள அத்தமிழ்ச் சொற்கள் இன்றும் அக்கடிதத்தில் அப்படியே உள்ளன. கிறிஸ்துவின் பாடுகளைக் கூறுமிடத்தில் வந்த, ‘வம்பினாலே’ என்று படிக்கத்தக்க மற்றொரு சொல்லையும் விலக்கச் சொன்னார். அது ‘வலுக்கட்டாயத்தால்’ என்று பொருள்படும். கிறிஸ்து தாமே விரும்பி ஏற்ற துன்பத்தை அச்சொல் திரித்துவிடும் என்பது அவர் கருத்து.

தமிழை அரைகுறையாய் அறிந்த அயலார் ஒருவர் இரண்டு சொற்களின் பொருள் நுட்பத்திற்காக இவ்வளவு கவலை கொண்டது வீண் அன்று. ‘வேணும்’ என்று முடியும் வேண்டுதலுக்கு ஓர் எல்லையுண்டு. கேட்டது கிடைத்தால் அது நிறைவேறும். கிடைக்காவிடில் கேட்டவன் முன்னினும் மிக்க துயரத்தோடு எழுந்து செல்வான். ‘நம்புகிறேன்’ என்பதோ கிடைத்தாலும் கிடைக்காவிடினும் நிற்கக்கூடிய நிலை. துன்பத்தில் செபம் அளிக்கும் அமைதி பெரும்பாலும் இந்த இரண்டாவது சொல்லிலிருந்தே பிறக்கிறது. கேட்பது தவறு என்பது இதன் பொருளன்று. கிறிஸ்து கற்பித்த வேண்டுதலிலேயே அன்றாட உணவுக்கான வேண்டுகோள் உண்டு. ஆயின், கேட்பதற்கு அடியில் நம்புதல் இல்லையாயின், கேட்பது வெறும் ஏக்கமாய் முடியும்.

பாறைமேல் ஒதுங்கிய மக்கள்

அத்திருத்தம் எழுதப்பட்ட அதே 1544-ஆம் ஆண்டு கரையோரக் கிறித்தவர்க்குக் கொடிய ஆண்டாய் அமைந்தது. வடுகர் எனப்பட்ட வடக்கத்திப் படையினர் குமரிமுனைப் பக்கம் பாய்ந்து ஊர்களைச் சூறையாடினர். மக்கள் உயிர் தப்பக் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி ஒதுங்கினர். மேலே வெயில், சுற்றிலும் உப்புநீர், உணவும் குடிநீரும் இல்லை. மணப்பாட்டில் இருந்த சவேரியார் செய்தி கேட்டவுடன் 20 தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று பல நாள் தோணிகளை முன்செல்ல விடவில்லை. பின்னர் அவர் தரை வழியாகவே குமரிக்கு நடந்து சென்றார்.

அங்கிருந்து வந்த மக்களின் நிலையை அவர் 1544 சூன் திங்களில் எழுதிய கடிதம் காட்டுகிறது. சிலர்க்கு உண்ண ஒன்றுமில்லை, முதியோர் நடக்க மாட்டாதவராயினர், சிலர் மாண்டனர், வழியிலேயே பெண்டிர் பிள்ளை பெற்றனர். ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிமார் இவ்வேழைகளைப் பேணவேண்டும் என்று அவர் ஆணை விடுத்தார்.

செபத்திலிருந்து ‘வேணும்’ என்ற சொல்லை நீக்கச் சொன்னவரே, பசித்தவர்க்கு வேண்டியதைத் தோணியில் ஏற்றி அனுப்பினார். இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. மன அமைதி என்பது கைகட்டிக் கிடப்பது என்றால், அவர் மணப்பாட்டுக் குகையிலேயே அமர்ந்து கண்மூடி இருந்திருக்கலாம்.

காப்பதாக வந்த போர்த்துக்கீசியர் எல்லாரும் காப்பவராய் இருக்கவுமில்லை. தூத்துக்குடியில் தளபதியாய் இருந்த கொஸ்மே தெ பைவா, மக்களின் நலத்தை விடத் தம் குதிரை வாணிகத்தையே பெரிதாகக் கருதினார் என்று சவேரியார் கடிதங்கள் கடுமையாகக் குறை கூறுகின்றன. அதே தளபதி தாக்குண்டு, வீடு எரிக்கப்பட்டு, தீவுகளுக்கு ஓடியபோது, விரைந்து சென்று தண்ணீரும் தோணியும் கொடுத்துக் காக்குமாறு மன்சிலாசை வேண்டிக்கொண்டவரும் சவேரியாரே. தம்மை நண்பராய்க் கருதாதவர் அத்தளபதி என்பதையும் அவர் அக்கடிதத்தில் மறைக்கவில்லை. செபம் ஒருவரை என்ன செய்கிறது என்பதற்கு, பாறையில் ஒதுங்கியவர்க்குச் சென்ற தோணிகளோடு, பகைத்தவர்க்குச் சென்ற தோணிகளையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

அவ்வாண்டின் இறுதியில் மன்னாரில் புதிதாய்க் கிறித்தவரான மக்கள் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். அவர்களை ஏறத்தாழ 600 பேர் என்பர். துயரம் தீர்ந்தபாடில்லை.

மயிலாப்பூரும் மலாக்காவும்

இத்தனைக்கும் பிறகு 1545-இல் சவேரியார் உள்ளம் தெளிவிழந்து நின்றது. அடுத்து எங்குச் செல்வது, என்ன செய்வது என்பது புலப்படவில்லை. மயிலாப்பூருக்குச் சென்று, தோமையாரின் கல்லறையை அடுத்த இல்லத்தில் ஏறத்தாழ நான்கு திங்கள் தங்கினார். அங்கு இறைவேண்டலில் இருந்தபோது உள்ளம் தேறிய செய்தியையும், மலாக்கா வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் துணிவு பிறந்ததையும் கோவாவிலிருந்த நண்பர்களுக்கு எழுதினார். பிறர்க்கு ஆறுதல் கற்பித்தவர் தமக்கு ஆறுதல் தேடி வந்த இடமும் தமிழ் மண்ணே.

அன்றைய மலாக்கா பல மொழி வழங்கிய பட்டினம். 1511-இல் போர்த்துக்கீசியர் கைப்பற்றுமுன்பே தமிழ் வணிகர் அங்குச் செல்வாக்கோடு வாழ்ந்தனர்; நயினா செட்டியார் என்னும் பெருவணிகர் போர்த்துக்கீசியர் ஆட்சியின் முதல் ஆண்டுகளில் இந்துக்களுக்குத் தலைவராய் அமர்ந்து 1514-இல் மறைந்தார். சவேரியார் அந்நகருக்கு வந்ததும் தமிழ்க்கரையில் செய்த பணியையே மீண்டும் தொடங்கினார். இம்முறை வேண்டுதல்கள் மலாய் மொழியில் ஆயின. மொழி தெரியாமை பெரிய இடர் என்று 1545 நவம்பரில் மலாக்காவிலிருந்து எழுதிய கடிதத்திலும் கூறுகிறார். பரவர் சிறுவரிடையே தேர்ந்த முறை, 1546 சனவரியில் அவர் புறப்பட்ட பின் மலுக்குத் தீவுகள் வரை சென்றது. பின்னும் பலமுறை அவர் மலாக்காவுக்கு வந்து சென்றார். 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையருகே சான்சியான் தீவில் உயிர் நீத்த அவரது உடல், 1553 மார்ச்சில் மலாக்காக் குன்றின் மேலுள்ள கோயிலில் அடக்கம் செய்யப்பெற்றுப் பின்னர்க் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

அச்சேறிய வேண்டுதல்

அவர் விட்டுச்சென்ற பணியைத் தமிழில் செம்மைப்படுத்தியவர் அன்றீக்கு அடிகளார் எனப்படும் என்றிக்கே என்றீக்கசு. 1547 முதல் முத்துக்குளித்துறையில் உழைத்த இவர், தமிழை இலக்கண முறையில் கற்று, பழைய வேண்டுதல்களில் இருந்த பிழைகளைக் களைந்தார். இதற்கிடையே 1554-இல் லிசுபனில் தமிழ் வேண்டுதல்கள் உரோமன் எழுத்தில் அச்சாயின. அதனை ஆக்குவதில் ஈடுபட்டவர் போர்த்துக்கீசியப் பெயர் பூண்ட தமிழர் மூவர். தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபரில் கொல்லத்தில் வெளிவந்தது; பக்கங்கள் 16. ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579 நவம்பரில் கொச்சியில் வெளிவந்தது.

இந்திய எழுத்துகளில் முதன்முதல் அச்சேறியது தமிழ் என்று பெருமை கொள்வோர், அவ்வாறு அச்சேறியது ஒரு செபப்புத்தகம் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். புலவர் அவைக்கென்று பிறந்த நூல் அன்று அது. மீன் பிடித்தும் முத்துக் குளித்தும் வாழ்ந்தவர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ளவேண்டிய சில பக்கங்களுக்காகவே அந்த எழுத்துகள் வார்க்கப்பட்டன.

குருவில்லாத ஆண்டுகள்

மனப்பாடத்தின் வலிமை சோதிக்கப்பட்ட காலம் 17-ஆம் நூற்றாண்டு. ஒல்லாந்தக் கும்பினியார் 1641 சனவரியில் மலாக்காவையும், 1658-இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் ஆகியவற்றையும் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுப்பது யாழ்ப்பாணத்தில் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் கைக்கு மாறின.

வரலாறு இவ்விடத்தில் நடுநிலையைக் கோருகிறது. இதே யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கீசியர் 1621-இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். பிறர் வழிபாட்டைத் தடுத்த ஆட்சியின் சமயத்தார், அடுத்த தலைமுறைகளில் தாமே தடுக்கப்பட்டனர். ஒல்லாந்தர் காலத்தில் சைவரும் மறைவாகவே வழிபட நேர்ந்தது. துன்பம் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. அதனைத் தாங்கும் வழியும் அவ்வாறே.

ஒல்லாந்தச் சமயகுரு பால்தேயு தூத்துக்குடிப் பரவரைத் தம் சபைக்கு ஈர்க்க முயன்று வெற்றி காணவில்லை. இவர் 1672-இல் வெளியிட்ட நூலில் தமிழ் எழுத்துகளைப் பற்றிய விளக்கமும், கிறிஸ்து கற்பித்த வேண்டுதலின் தமிழாக்கமும் உள்ளன. ஒடுக்கியவர் ஓதியதும், ஒடுக்கப்பட்டவர் மறைவில் முணுமுணுத்ததும் ஒரே வேண்டுதல், அதுவும் தமிழில். சமயப் போராட்டங்களின் வேதனையான நகைச்சுவை இதனுள் அடங்கியுள்ளது.

யாழ்ப்பாணக் கத்தோலிக்கர்க்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலையாய்த் தங்கிய குரு ஒருவரும் இலர். மாந்தைப் பக்கத்துக் குடும்பங்கள் சில, மரியன்னையின் உருவத்தை எடுத்துக்கொண்டு 1670-இல் காட்டுக்குள் ஒதுங்கின என்பது மருதமடுத் திருத்தலத்தின் மரபு வரலாறு. மற்றவர்கள் வெளிக்குக் கும்பினியாரின் பதிவேட்டில் பெயர் கொடுத்து, வீட்டில் கதவடைத்துச் செபமாலை சொல்லினர். ஐம்பத்து மூன்று மணியை விரலால் தள்ளிக்கொண்டு மனப்பாடத்தை ஓதுவதற்குக் கோயிலும் வேண்டா, குருவும் வேண்டா, விளக்கும் வேண்டா.

1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் இலங்கைக்கு வந்தார். 1651-இல் பெனாலிம் என்னும் ஊரில் கொங்கணி பேசும் குடும்பத்தில் பிறந்து, தமிழைக் கற்றுக்கொண்டவர் அவர். இரவலர் வேடத்தில், நோயால் மெலிந்த உடம்போடு, யாழ்ப்பாணத் தெருக்களில் நடந்தார். தம்மவர் யார் என்று எவ்வாறு அறிவது? அறிந்தவர் கேட்பின் காட்டிக்கொடுப்பார். கேளாதிருப்பின் ஆளை அறிய வழியில்லை. அவர் கழுத்தில் ஒரு செபமாலையை வெளித்தெரிய அணிந்து, வீடு வீடாய்ப் பிச்சைக்குச் சென்றார். மாலையைக் கண்டு முகம் மலர்ந்த வீட்டைக் குறித்துக்கொண்டார். அவ்வழியே சில்லாலைக் கிராமம் அவருக்குத் திறந்தது. அவ்வூரார் முப்பது ஆண்டு மறைவில் ஓதியதை மறவாதிருந்தனர். வாஸ் கொண்டுவந்தது புதிய சமயமன்று. அவர்கள் விடாது காத்ததற்குத் துணை.

அத்துணை எளிதில் கிட்டவில்லை. 1690-ஐ ஒட்டிய ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியோர் வீட்டில் கும்பினிப் படையினர் புகுந்து பலரைச் சிறைப்பிடித்தனர். அவர்களுள் தோன் பேதுரு என்பவர் அடிபட்டு மாண்டார். செபம் அவர்களைச் சாட்டையிலிருந்து காக்கவில்லை. ‘வேணும்’ என்று மட்டும் ஓதியிருந்தால் அந்த இரவோடு அவர்கள் வழிபாடு முடிந்திருக்கும். அது முடியவில்லை என்பதே சான்று.

1692-இல் கண்டிக்குச் சென்ற வாஸ் அடிகளார், போர்த்துக்கீசிய ஒற்றர் என்று ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டார். சிறையிலேயே சிங்களம் கற்றார். பின்னர் அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனின் மதிப்பைப் பெற்றார். 1697-இல் அம்மை நோய் கண்டி நகரைச் சூறையாடியபோது, உற்றாரே கைவிட்டு ஓடிய நோயாளிகளைச் சமய வேறுபாடு கருதாது கழுவித் துடைத்து உணவூட்டியவர் அவரும் அவர்தம் தோழருமே. குமரிப் பாறைக்குத் தோணி சென்றதும், கண்டித் தெருவில் நோயாளிக்குக் கஞ்சி சென்றதும் ஒரே ஊற்றிலிருந்து. 1711 சனவரி 16-ஆம் நாள் கண்டியில் அவர் மறைந்தார். 2015 சனவரி 14-ஆம் நாள் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராய் அறிவித்தார். அவர் வழிவந்த சாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். அவரது ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் ஊர் கூடி ஓதிக் கேட்கும் நூலாய் வழங்கியது.

மலாக்காவில் நிகழ்ந்ததும் இதுபோன்றதே. 1641-க்குப் பின் குன்றின் மேலிருந்த கோயில் ஒல்லாந்தர் வழிபாட்டுக்கு மாறியது. கத்தோலிக்கர் வீடுகளிலும் நகர்ப்புறத்துத் தனியிடங்களிலும் கூடினர். இல்லறத்தாரே முன்னின்று வேண்டுதல்களை நடத்தினர். தலைமுறை இரண்டு கழிந்த பின், 1710-இல், ஒல்லாந்தர் ஒருவர் அளித்த நிலத்தில் தூய பேதுரு கோயில் எழுந்தது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய கத்தோலிக்கக் கோயில் அதுவே.

தோட்டத்துக்கு வந்த செபம்

1896-இல் தான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அவ்விதையிலிருந்து ஒரு பெருந்தொழில் வளர்ந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் இக்கரைக்கு வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்துக்கள். லயங்களின் எல்லையில் மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. சிறு தொகையினரான கிறித்தவக் குடும்பங்களோ ஒரு தோட்டத்தில் ஒன்றும் மற்றொன்றில் இரண்டுமாய்ச் சிதறிக் கிடந்தன. கோயில் நகரத்தில், குரு வருவது எப்போதோ. அவ்விடைவெளியை நிரப்பியது ஊரிலிருந்து நெஞ்சில் கொண்டுவந்த வேண்டுதலே.

1942 சனவரியில் சப்பானியர் மலாக்காவைக் கைப்பற்றினர். தோட்டத் தொழில் நிலைகுலைந்தது. அரிசி அருகி மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. சயாம் இரயில் பாதைக்கென்று பல்லாயிரம் தமிழர்கள் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் முடிவுற்ற அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் பேதியும் காய்ச்சலும் பசியும் மிகப் பலரைக் கொன்றன. தப்பி மீண்டவர் குடும்பங்கள் இன்றும் மலேசியாவெங்கும் உள்ளன. அக்காட்டு முகாம்களில் மூங்கில் கொட்டகையில் படுத்தவர், கந்தர் சட்டி கவசம் ஓதினும், கலிமா ஓதினும், கிறிஸ்து கற்பித்த வேண்டுதலை ஓதினும், ஏடின்றி, விளக்கின்றி, நெஞ்சிலிருந்தே ஓதியிருத்தல் வேண்டும். வேறு எதையும் அங்குக் கொண்டு செல்ல எவருக்கும் இயலவில்லை.

சொல்லும் அமைதியும்

‘இடுக்கண் அழியாமை’ என்று திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். துன்பம் வராதிருத்தலை அவர் அத்தலைப்பால் பேசவில்லை. வந்தபோது உள்ளம் அழியாதிருத்தலையே பேசினார். தமிழ்க் கிறித்தவர் வேண்டுதல் வரலாறும் அதே முடிவுக்கே வந்து சேர்கிறது. பரவர்க்கு வடுகர் வருகை நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்தார்க்குச் சாட்டை தவறவில்லை. மலாக்காவினர்க்குக் கோயில் இரு தலைமுறைக்குப் பின்னரே கிடைத்தது. இருப்பினும் அவர்கள் சிதையாது நின்றனர். நின்றதோடு, அடுத்திருந்தவரையும் தாங்கினர்.

அதற்குத் துணையாய் இருந்தவை மூன்று. முதலாவது, வேண்டுதல் தாய்மொழியில் இருந்தது. இரண்டாவது, அது குருவின் ஏட்டில் தங்காது குழந்தையின் நாவில் தங்கியது. மூன்றாவது, அதன் அடிச்சொல் ‘வேணும்’ என்பதிலிருந்து ‘நம்புகிறேன்’ என்பதாகத் திருந்தியது.

மனப்பாடத்தை வெறும் கிளிப்பாடம் என்று இகழ்வது இக்காலத்தில் பலர் வழக்கம். பொருளுணராது ஓதுவது பயன் குறைந்ததே. 1544-இல் திருத்தப்பட்ட பிழையும் அதையே காட்டுகிறது. ஆயின், பொருளுணர்ந்து கற்ற நல்ல தமிழ்த் தொடர் ஒன்று சிறுவயதில் நெஞ்சில் பதிந்துவிட்டால், பிற்காலத்தில் வீடும் ஊரும் ஏடும் பறிபோனாலும் அதைப் பறிப்பார் இல்லை. வகுப்பறையில் சொல்லின் பொருளைத் திருத்தும் ஆசிரியர், மாணவன் என்றோ ஒரு நாள் இருளில் சொல்லப்போகும் சொல்லைத் திருத்துகிறார்.